கீழ்த்தண்ணி

போனது ஐந்து பேர். அக்கா, அக்காவைக் கட்டிக்கொள்ள இருந்தவர், அவருடைய தாய்மாமன், அப்பா, நான். வராதவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளையின் அம்மா வரவில்லை. தைப்பிங்கில் விடாத மழை, முட்டி வலி, "என் தம்பி வந்தா நான் வந்த மாதிரிதான்" என்று சொல்லியனுப்பிவிட்டார். எங்கள் அம்மாவும் வரவில்லை. அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. "அந்த அருவிய நான் பாத்தாச்சு" என்றாள், அவ்வளவுதான். வேறு எதையோ பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈப்போவில் கல்யாண மண்டபம் பிடித்தாகிவிட்டது. அழைப்பிதழ் மட்டும் அச்சுக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முழு மனதோடு இன்னும் சரி சொல்லியிருக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பொண்ணு வீட்டு ஆளுங்களோட ஒரு தடவ கலந்து பழகட்டும், அப்புறம் அடிக்கலாம்" என்றிருந்தார். பழகுவது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த அர்த்தம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது.

அக்காவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். கையுறைத் தொழிற்சாலை, பிறகு ஒரு சீனரின் காகிதக் கடை என்று அவள் சம்பாதித்ததில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்தது நான்தான் முதல். தஞ்சோங் மாலிமில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து கோழிக் குழம்பும் சம்பலும் டப்பா டப்பாவாகக் கொடுத்துவிட்டுப் போவாள். கீழ்வீட்டில் இருந்தவர்தான் மாப்பிள்ளை. பக்கத்துக் கார் தொழிற்சாலையில் வேலை. எனக்கென்று வந்த சோற்றில் பாதி அவர் தட்டுக்குப் போனது. மீதிக் கதை என் கண் முன்னால்தான் நடந்தது, ஆனால் எனக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்தபோது சந்தோஷப்பட்டேன். அவளுக்காகக் கொஞ்சம், எனக்காக நிறைய. அவள் காத்துக்கொண்டிருந்ததற்கு நான் ஒரு காரணம் என்பது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு மலையேறுவதில் பைத்தியம். விடுமுறை வந்தால் ஏதாவது ஒரு குன்றின் மேல் நின்று படம் எடுத்து அனுப்புவார். அப்பா பிறந்த தோட்டத்துக்கு மேலே ஓர் அருவி இருக்கிறது, அதில் பாதி சுடுதண்ணி, பாதி பச்சைத்தண்ணி என்று அக்கா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அவர் விடவில்லை. "கேம்ப் போடலாம் மச்சான். என் மாமாவும் அந்தப் பக்கத்து ஆளுதான். அங்கிள் வழி காட்டுவாரு. ரெண்டு வீட்டு ஆளும் பழகின மாதிரியும் ஆச்சு."

அப்பா முதலில் முடியாது என்றார். காடு மண்டிக் கிடக்கும் என்றார், பாம்பு என்றார், பிறகு தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நேரிலேயே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க இல்லன்னா நாங்க தொலஞ்சு போயிருவோம் லா அங்கிள்" என்று கெஞ்சினார். அப்பாவுக்கு அவரைப் பிடிக்கும். வருகிறேன் என்றார்.

பீடோர் தாண்டி உள்ளே போக வேண்டும். வழியில் கொய்யாக் கடைகளில் நிறுத்தி வாங்கிக்கொண்டோம். ரப்பர் ஒரு மரம்கூட இல்லை. எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடம் எது என்று தெரிய வேண்டுமானால் வரிசையாக நிற்கும் தென்னைகளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். செம்பனை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஆற்றோரமாக ஒருவர் கூடாரங்களை வாடகைக்கு விடுகிறார். அங்கே தங்கிவிட்டு மறுநாள் காலை அருவிக்கு ஏறுவது என்று ஏற்பாடு.

தாய்மாமன் தைப்பிங்கில் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே தோட்டத்தின் மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷனில் வளர்ந்தவர். அவர் மோசமான ஆள் என்று நான் எழுதினால் அது பொய். காரிலிருந்து ஐஸ் பெட்டியை அவரேதான் தூக்கிவந்தார். என் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வாத்தியார் கை சாக்பீஸ் புடிக்கிற கை, வீங்கிரும்" என்றார். சாயங்காலம் அக்கா கோழியைச் சுட்டுக் கொடுத்தபோது தோலோடு கடித்துத் தின்றுவிட்டு விரலைச் சப்பினார்.

"எங்க அக்காகிட்ட சொல்றேன் லா. சமையல்ல பாஸ்."

அக்கா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டே அவர் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க எந்த டிவிஷன், சம்பந்தி?"

"பழைய டிவிஷன்தாங்க."

"பழைய டிவிஷன்ல மேட்டு லயமா, ஆத்து லயமா?"

அப்பா குனிந்து கோழித் துண்டுகளைத் திருப்பிப் போட்டார். "அதெல்லாம் ஒடச்சு எவ்வளவோ வருஷம் ஆச்சுங்க. செம்பன நட்டுட்டானுங்க."

"லயத்த ஒடச்சா என்ன, ஆளுங்க இருக்காங்கல்ல. அப்போ மண்டோர் யாரு?"

"நான் சின்னப் பையங்க அப்போ. மறந்துபோச்சு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் அப்பா, தான் பால் வெட்டிய ரப்பர் நிரையில் எந்த மரம் நிறையப் பால் கொடுத்தது, எது மழைக்காலத்தில் அழுகியது என்று மரம் மரமாகச் சொல்லுவார். வேலை வாங்கும் மண்டோரின் நடையை நடந்து காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பார். மறந்துபோச்சு என்று அவர் சொன்னதை, புது ஆளிடம் கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். உதவி செய்வதாக நினைத்து, "அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, நாளைக்கு அருவிக்குப் போறப்ப கேளுங்க" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். 

மறுநாள் காலையில் கிளம்பினோம். அருவியிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய இரும்புக் குழாய் இன்னும் கிடக்கிறது. துருப்பிடித்து, வேர்களுக்குள் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. அதன் ஓரமாகவே பாதை. அப்பா பாராங் கத்தியோடு முன்னால் போனார். ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுப் படியேறவே மூச்சு வாங்குகிறவர், அங்கே ஒரு கிளையைக்கூட உரசாமல் போனார். அட்டைகளுக்குப் பயந்து நான் காலுறைக்குள் சிலுவார்க் கால்களைத் திணித்துக்கொண்டு கடைசியில் வந்தேன்.

"என்ன வாத்தியாரே, மூச்சு வாங்குதா?" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல மச்சான். இயற்கைய ரசிக்கிறேன்."

"நின்ன எடத்துலயே ரசிக்கிறாரு பாரு. ஏம்மா, உன் தம்பிக்கு ஒரு நாற்காலி கொண்டு வந்திருக்கலாம்ல?"

"அவனுக்கு நாற்காலி போட்டுப் போட்டுத்தான் நான் நின்னுக்கிட்டே இருக்கேன்" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தோம். நானும்தான். மலை ஏற ஏற அவள் கன்னம் சிவந்து, கூந்தல் கலைந்து, இருபது வயசுப் பெண் மாதிரி இருந்தாள். கையில் வெங்காய வலைப்பை, அதற்குள் முட்டைகள். சுடுதண்ணியில் அவித்துச் சாப்பிடலாம் என்று வீட்டிலிருந்தே பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். அட்டை ஏறினாலும் ஏறட்டும் என்று முட்டையைப் பார்த்துத்தான் நடந்தாள்.

அருவி நான் நினைத்ததைவிடச் சின்னது. ஆனால் அப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரே பாறை. வலப்பக்கம் மலைமேலிருந்து பச்சைத்தண்ணி கொட்டுகிறது. அந்தப் பக்கம் பாறை கறுத்து, பாசி படிந்து வழுக்குகிறது. இடப்பக்கம் பாறையின் வெடிப்புகளிலிருந்தே சுடுதண்ணி கசிந்து வழிகிறது. அங்கே பாசி இல்லை. பாறை மஞ்சளாக, சில இடங்களில் செங்கல் நிறமாக இருக்கிறது. ஆவி எழுகிறது, லேசாக அழுகின முட்டை வாடை. நடுவில் நின்றால் ஒரு தோளில் வெந்நீர், மறுதோளில் ஐஸ் மாதிரித் தண்ணீர். இரண்டும் கீழே ஒரு குளமாகக் கலந்து இளஞ்சூடாக நிற்கிறது. அந்தக் குளம் நிரம்பி, ஒரு தட்டைப் பாறை மேல் வழிந்து, ஆள் உயரத்துக்குக் கீழே இன்னொரு குளத்தில் விழுகிறது. இரண்டாவது குளம் இன்னும் ஆழம், நிழலான இடம்.

மாப்பிள்ளை "அடேங்கப்பா" என்று கத்தினார். அக்கா தன் வலைப்பையைச் சுடுதண்ணி குமிழியிடும் ஒரு குழிக்குள் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். தாய்மாமன் சட்டையைக் கழற்றிவிட்டு மேல்குளத்தில் இறங்கி, பாறையில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "சொர்க்கம் லா" என்றார்.

அப்பா சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். துண்டையும் சோப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். மேல்குளத்தின் கரையோரமாக நடந்து, அதைத் தாண்டி, தட்டைப் பாறையின் இடப்பக்கம் இறங்கினார். எங்கே கால் வைப்பது என்று பார்க்கவே இல்லை. சொந்த வீட்டுப் படியில் விளக்கில்லாமல் இறங்குகிற மாதிரி இறங்கினார். கீழே பாறையில் உள்ளங்கை அளவு தேய்ந்த ஒரு பள்ளம் இருந்தது. சோப்பை அதில் வைத்தார். அது அங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாய்மாமன் கண்ணைத் திறந்திருந்தார்.

"சம்பந்தி" என்று கூப்பிட்டார். "ஏன் அங்க போறீங்க? மேல வாங்க. இங்கதான் சூடு நல்லா இருக்கு."

"பரவால்லங்க. எனக்கு இங்கயே சரி."

"ஓ" என்றார் தாய்மாமன்.

அந்த ஓவில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்கும் புரியவில்லை. "அங்கிள், நானும் வாரேன்!" என்று கத்திக்கொண்டு தட்டைப் பாறை மேலிருந்து கீழ்க்குளத்தில் குதித்தார். தண்ணீர் அப்பா முகத்தில் அடித்தது. அப்பா சிரித்தார். நான் பார்த்தவரை, அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"டேய். மேல வா" என்றார் தாய்மாமன்.

"இங்க ஆழம் நல்லா இருக்கு மாமா."

"மேல வான்னு சொல்றேன்ல."

"தண்ணி எல்லாம் ஒண்ணுதானே லா..."

"நாங்க குளிச்ச தண்ணிதான்டா அங்க வருது. ஏறி வா."

குரலை உயர்த்தவில்லை அவர். மாப்பிள்ளை தண்ணீரில் நின்றபடி மாமாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தலை முழுக்கச் சோப்புப் போட்டுக் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். காதை மூட முடியாதல்லவா. மாப்பிள்ளையின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல வந்து நின்றதை நான் பார்த்தேன். எங்கோ சின்ன வயதில் கேட்ட பேச்சு ஒன்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். சும்மா அங்கேயே ஒரு முங்கு முங்கியிருந்தால்கூடப் போதும்.

ஏறினார். நீர் சொட்டச் சொட்ட அக்காவைத் தாண்டிப் போனார், அவளைப் பார்க்கவில்லை. மேல்குளத்தில் இறங்கி, மறுபடியும் முங்கிக் குளித்தார்.

அக்கா அதைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தத் தண்ணியின் கதை தெரியாது. எனக்குத் தெரிந்த அளவுதான் அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஏதோ ஒன்று முடிந்துபோனதை அவள் என்னைவிட முன்னால் தெரிந்துகொண்டாள். எழுந்து, முட்டைப் பையை வெளியே எடுத்தாள். உரித்தாள். காட்டு வாழையிலையில் வைத்து உப்புத் தூவி, முதலில் தாய்மாமனிடம் நீட்டினாள்.  வேண்டுமென்றேதான் நீட்டினாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"வேணாம்மா. கொலஸ்ட்ரால்."

முந்தின நாள் சாயங்காலம் கோழித்தோலைத் தின்ற வாய் அது.

அடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"அப்புறமா சாப்பிடுறேன்" என்றார். தன் நனைந்த விரலைத் துடைத்துத் துடைத்துக் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அங்கே சிக்னலே கிடையாது.

அப்பா மேலே வந்தார். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு இலையின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக முட்டைகளைத் தின்றார். பசியோடு தின்கிற மாதிரி இல்லை. வேலை முடிக்கிற மாதிரி இருந்தது. "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். நானும் ஒன்று எடுத்தேன். அந்தச் சூட்டில் மஞ்சள் கெட்டியாகிவிடுகிறது, வெள்ளை வேகாமல் கொழகொழவென்று நிற்கிறது. விழுங்க முடியவில்லை. விழுங்கினேன்.

இறங்கும்போது தாய்மாமன் முன்னால் போனார். வழி தெரியாதவர் போல அவர் நடக்கவில்லை. கேள்விகள் நின்றுவிட்டன. அப்பாவை அவர் பிறகு சம்பந்தி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூடாரத்துக்கு வந்ததும், தைப்பிங்கில் மழை வலுக்கும் முன் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய கூடார வாடகையையும் சேர்த்து அப்பாவே கொடுத்தார். மாப்பிள்ளை தடுக்கப் போனபோது, "இருக்கட்டும் தம்பி" என்றார். அதுவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். தோட்டத்தில் எல்லாருக்கும் அதே அருவிதான். தீபாவளிக்கு மறுநாள் எல்லா டிவிஷன் ஆட்களும் அங்கே குளிக்கப் போவார்கள். மேட்டு லயத்துக்காரர்களுக்கு மேல்தண்ணி. ஆத்து லயத்துக்காரர்களுக்குக் கீழ்த்தண்ணி. யாரும் எழுதி மாட்டவில்லை. துரைக்குத் தெரியாது. கோயிலில் எல்லாரும் ஒரே சாமியைத்தான் கும்பிட்டார்கள், தொழிற்சங்கத்தில் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். தண்ணியில் மட்டும் இறங்கி நிற்க வேண்டும். நாங்கள் ஆத்து லயம்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? எந்த எடத்துல நிக்கணும்னு உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் சொல்லல" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, கள்ளுக்கடை, சம்பள நாள், லயத்து வீட்டின் நீள அகலம் எல்லாம் அதில் இருந்தது. விரிவுரையாளர் பாராட்டினார். அதைத் தட்டச்சு செய்யக் கணினி வாங்கிக் கொடுத்தவள் அக்கா. இந்த இரண்டு தண்ணியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதையெல்லாம் நான் நன்றாகப் படித்திருந்தேன்.

அப்பாவிடமும் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. பழக்க தோஷத்தில் கால் தானாக அங்கே போய்விட்டதா என்றுதான் கேட்டேன். அப்படிச் சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காலு போகல. நான்தான் போனேன்" என்றார். "சாயங்காலமே அந்த ஆளு நோண்ட ஆரம்பிச்சிட்டாரு. ஊருக்குப் போயி நாலு பேர்கிட்ட விசாரிச்சா எப்பிடியும் தெரியத்தான் போவுது. மேல குளிச்சிருந்தா, நாளைக்கு அந்த வீட்டு வாசல்ல நின்னு என்னைய எறங்குடான்னு சொல்லுவானுங்க. ஒருத்தன் சொல்லி எறங்கறதுக்கு நானே எறங்கிட்டேன்."

"அக்கா கல்யாணம்ப்பா அது."

"அதான்டா" என்றார். "கட்டிக் குடுத்த அப்புறம் தெரிஞ்சா, அந்த வீட்டுல கீழ நின்னு குளிக்கப் போறது யாரு?"

அவர் சொன்னது சரியா தவறா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தத் தாய்மாமன்மேல் இருப்பதைவிடச் சில நாட்கள் அதிகமாக இருக்கிறது. அது நியாயமில்லை என்றும் தெரியும்.

அந்த வீட்டிலிருந்து யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார்கள். பிறகு, கொஞ்ச நாள் போகட்டும் என்று மாப்பிள்ளை அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார். வரவேற்பறையில் எங்கள் எல்லார் முன்னாலும்தான் அவள் பேசினாள். அவர் நிறையப் பேசினார் போல. அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க ஏன் ஏறுனீங்க?"

"எங்க?" என்றது போனிலிருந்து அவர் குரல். எனக்கே கேட்டது.

அக்கா வைத்துவிட்டாள். அவர் திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை. தேதியைத் தள்ளிப் போடலாம், பணம் போகாது என்று மண்டபத்தில் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து முன்பணத்தில் பாதியைத் தருகிறோம் என்று அவள் கணக்கில் பணம் போட்டார்கள். அன்றே திருப்பி அனுப்பிவிட்டாள். மண்டபத்துக்கும் சமையலுக்கும் மணவறைக்கும் கொடுத்த முன்பணம், அப்பா கட்டிய கூடார வாடகை எல்லாவற்றையும், போனது எவ்வளவு என்று தெரிய, அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் கூட்டினேன். முட்டையையும் சேர்த்துக்கொள் என்றாள். சேர்த்தேன். மூவாயிரத்து நானூற்று இருபத்தைந்து ரிங்கிட்.